ஊன்றிய கால்

பந்தை விரைந்தெறிதல் ஓர் ஆற்றல். கருதிய இடத்திற் சென்று சேருமாறு எறிதல் மற்றோர் ஆற்றல். முன்னையது இளைஞர் பலரிடத்தும் இயல்பாகவே அமைந்து கிடக்கின்றது. பின்னையது கையின்பாலும் கண்ணின்பாலும் உள்ளதென்று பெரும்பாலோர் கருதுகின்றனர். அஃது ஊன்றிய காலிலேயே தொடங்குகின்றதென்பதை யான் கண்கூடாகக் கண்டது, 2018-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில், ஸியாட்டில் நகருக்கு அணித்தாகிய ஓர் ஊரில், என் தமக்கையார் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தபொழுதாகும். அங்கே என் மருமகன், அந்நாட்டிலே பிறந்து வளர்ந்த 12 வயதுச் சிறுவன், பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவோனாக இருந்தான்.

இவ்விதழைப் படிப்போருட் பலர் கிரிக்கட்டில் வல்லவர். ஆதலின் ஆட்டத்தை நீள விரித்தல் வேண்டா. எறிவோன் நிலையை மட்டும் கூறுவேன். கிரிக்கட்டில் வீசுவோன் ஓடிவந்து, மடங்கிய முழங்கையை நீட்டாது, பெரும்பாலும் பந்தைத் தரையிற் பட்டெழச் செய்கின்றான். பேஸ்பாலில் ஓட்டமில்லை. 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமுமுள்ள ரப்பர்ப் பலகையொன்று தரையிற் பதிக்கப்பட்டிருக்கும். எறிவோன் அதனருகே ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலைத் தூக்கி முன்வைத்து, 5 அவுன்ஸுக்குச் சற்றுக் கூடிய எடையுள்ள பந்தை எறிதல் வேண்டும். முதிர்ந்தோர் ஆட்டத்திற் பலகைக்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். என் மருமகன் வயதினர்க்கு 46 அடி. தட்டின் அகலமோ யாவர்க்கும் 17 அங்குலமே. அடிப்போனுடைய முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, அவ்வகலத்துக்குட் புகும் பந்தே செம்மையானது. புகாத பந்தை அவன் அடிக்க முயலாது விட்டால் நடுவர் 'பால்' என்று கூவுவர். அக்கூவலை முதன்முறை கேட்டபொழுது வைகறையில் நம் வாயிலில் நிற்கும் பால்காரர் என் நினைவுக்கு வந்தமையால் நகைத்துவிட்டேன். அருகிருந்தோர்க்குக் காரணம் விளங்கவில்லை. இங்ஙனம் நான்குமுறை கூவப்பட்டால் அடிப்போன் அடியாமலே முதல் தளத்துக்கு நடந்து செல்வான். எறிவோனுக்கு இதனினும் மனமுடைவு தருவது பிறிதில்லை.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் ஒன்று செய்து பார்க்கலாம். 46 அடித் தொலைவில் எறியின் திசை ஒரே ஒரு பாகை பிறழுமாயின், பந்து ஏறக்குறைய 9½ அங்குலம் விலகிச் செல்லும். தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை 8½ அங்குலமே. எனவே நடுவை நோக்கி எறிந்த பந்தின் மையம் ஒரு பாகைப் பிழையாலேயே தட்டின் விளிம்பைக் கடந்து அப்பாற் போய்விடும். உடல் முழுதும் சுழன்று, தோள் திரும்பி, கை சாட்டைபோல் வீசப்படும் அக்கணத்தில் ஒரு பாகையைக் கண்ணாற் பார்த்துத் திருத்துவது எங்ஙனம் இயலும்?

என் மருமகன் தன் வயதுக்கு மிக நெடியவன். அவன் எறியும் பந்து விரைவுடையது. எங்கே போமென்பதுதான் தெரியாது. சித்திரைத் திங்களில், மழைத் தூறலிடையே நடந்த ஓராட்டத்தில், மூவரை வரிசையாக நடக்கவிட்டான். நான்காமவன் மெலிந்த சிறு பையன். பந்து அவன் தோளில் தாக்கிற்று. பையன் தரையில் அமர்ந்து அழுதான்; சிறிது நேரத்தில் எழுந்தும் விட்டான். ஆனால் என் மருமகன் முகம் வெளுத்துப் போயிற்று. அதன்பின் அவன் எறிந்ததெல்லாம் எறிதலே அன்று. பந்தைக் கையால் தள்ளிவிட்டான். அத்தான் வேலிக்கு இப்பாலிருந்து, "குறி பார்த்து எறி! நேரே எறி!" என்று உரத்துக் கூவிக்கொண்டிருந்தார். தந்தையர் யாவரும் அங்ஙனமே கூவுகின்றனர். அதனாற் பயனுண்டென்று எனக்குத் தோன்றவில்லை. நேரே எறிய வேண்டுமென்பது அவனுக்குத் தெரியாததா?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியின் பின்னிருக்கையிலிருந்து அவன் சொன்னது இது: "மாமா, இனி நான் எறிய மாட்டேன். யாரையாவது கொன்றுவிடுவேன்."

அன்றிரவு தமக்கையார் என்னிடம், "தம்பி, அவன் விட்டுவிட்டால் எனக்கு நிம்மதிதான். இவர்கள் முழங்கையை அறுத்துத் தைக்கிறார்களாமே," என்றார். அவர் கேள்வியுற்றது பொய்யன்று. 1974-இல் டாமி ஜான் என்னும் எறிவோனுக்கு ஃபிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், முழங்கையின் உட்புறத்தில் அறுந்த தசைநாருக்கு மாற்றாக அவன் உடலினின்றே வேறொரு தசைநாணை எடுத்துப் பொருத்தினார். ஜான் 1976-இல் மீண்டும் களம் புகுந்து 1989 வரை ஆடினான். அச்சிகிச்சைக்கு அவன் பெயரே வழங்குகின்றது. சிறுவர் ஆட்டத்தை நடத்தும் லிட்டில் லீக் என்னும் அமைப்பும் இக்கேட்டைக் கருதியே நாளொன்றுக்கு எத்துணை எறியலாமென்று வரம்பு விதித்திருக்கின்றது. 11, 12 வயதினர்க்கு அவ்வரம்பு 85.

பயிற்சியாசிரியர் தச்சுவேலையினின்று ஓய்வுபெற்ற முதியவர், சொற்சுருக்கமுடையவர். மறுநாள் மாலை மருமகனை அழைத்து, பந்தைக் கொடாமல், ரப்பர்ப் பலகையருகே வலக்காலில் நின்று இடது முழங்காலைத் தூக்குமாறு பணித்தார். பின்னர்க் குனிந்து, ஊன்றிய காலின் மிதியடிக்கும் தரைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துக் காட்டினார். முன்பாதத்தின் கீழ்த் தாள் தடையின்றி நுழைந்தது. உடற்பாரம் முழுதும் குதிகாலில் இருந்தது.

அவர் விளக்கியதை யான் விளங்கிக்கொண்டவாறு உரைப்பேன். வலக்கையால் எறிவோன் வலக்காலில் நிற்கும்பொழுது தட்டுக்குப் பக்கவாட்டாக நிற்கின்றான். அவன் முகம் மூன்றாந் தளத்தையும், முதுகு முதல் தளத்தையும் நோக்கியிருக்கும். பாரம் குதிகாலிற் சென்றால் உடல் முதுகுப்புறமாகச் சாயும். சாயும் உடலைத் தாங்குதற்கு இடக்கால் தட்டை நோக்கி வையாது முதல் தளப் பக்கமாக விலகி விழும். கால் விலகவே இடுப்பும், இடுப்பைத் தொடர்ந்து இடத்தோளும் உரிய காலத்துக்கு முன்னரே திறந்துவிடும். உடல் முன்னே போய்விட, கை பின்னே இழுபடும். பந்து விரலைவிட்டு நீங்கும் நொடி முந்திப்போய், அஃது உயரமாகவும் வலப்புறமாகவும் பாயும். வலக்கையால் அடிப்போன் நிற்குமிடம் அதுவே. அச்சிறுவன் தோளிற் பட்ட அடி, கையின் குற்றமன்று. வலக் குதிகாலிற் பிறந்தது.

"கையைப் பற்றி இவனிடம் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்" என்று முதியவர் அத்தானைக் கேட்டுக்கொண்டார். அத்தான் சிறிது மனங்கோணினார்.

இவ்விடத்தில், ஸியாட்டில் நகரத்தார் இன்றும் பெருமையோடு சொல்லும் வரலாறொன்றைக் கூறாமற் போதல் தகாது. ராண்டி ஜான்ஸன் என்னும் இடக்கை எறிவோன் 6 அடி 10 அங்குல உயரமுடையவன், பேராற்றலன். எனினும் 1991-இல் 152 பேரையும், 1992-இல் 144 பேரையும் நடக்கவிட்டான். அவ்விரண்டாண்டிலும் அமெரிக்கன் லீக்கில் அவனை விஞ்சினார் இலர்; வேண்டாத பெருமை! 1992-இல் எதிர்க்கட்சியாகிய டெக்ஸாஸ் அணியின் பயிற்சியாசிரியர் டாம் ஹௌஸும், அவ்வணியின் மூத்த எறிவோனாகிய நோலன் ரையனும் அவனோடு உரையாடி ஒன்றைச் சுட்டினர்: முன்வைக்கும் கால் பாதத்தின் முற்பகுதியில் ஊன்றாமல் குதிகாலில் விழுகின்றது; அதனால் உடல் மூன்றாந் தளப் பக்கம் சுழன்று விலகுகின்றது என்பதே அது. இடக்கையனாதலின் திசை மாறிற்று. நோய் என் மருமகனுடைய நோயே. அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அதே டெக்ஸாஸ் அணிக்கெதிராக 8 இன்னிங்ஸில் 18 பேரை அடிக்க இயலாமல் வெளியேற்றினான். 1993-இல், முன்னிரண்டாண்டினும் மிகுதியாக எறிந்தும், நடந்தோர் 99 பேரே. 2004-இல் தன் 40-ஆம் வயதில் ஒருவரையும் முதல் தளத்துக்கு விடாத முழு ஆட்டமொன்றையும் ஆடி முடித்தான். மாற்றாருக்கு இங்ஙனம் மருந்து சொல்லும் பெருந்தன்மை விளையாட்டிலேயே இன்னும் எஞ்சியிருக்கின்றது போலும்.

எல்லாக் குற்றமும் காலினாலே வருவதென்று கொள்ளற்க. ஸாண்டி கோஃபாக்ஸ் 1960-இல் 175 இன்னிங்ஸில் 100 பேரை நடக்கவிட்டவன். 1961-இன் பயிற்சி ஆட்டமொன்றில், பந்து பிடிப்போனாகிய நார்ம் ஷெர்ரி, 'இத்துணை வலிந்து எறியாதே' என்று கூற, அதன்படி தளர்த்தி எறிந்தான். அவ்வாண்டு 255 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தும் நடந்தோர் 96. ஆனால் வலிமையைத் தளர்த்தும்பொழுதும் உடலன்றோ நிலைகொள்கின்றது என்று யான் கருதுகின்றேன். பிட்ஸ்பர்க் அணியின் ஸ்டீவ் பிளாஸ் வரலாறுதான் விடையற்றது. 1972-இல் 249 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 84 பேரை நடக்கவிட்டவன், 1973-இல் அதே 84 பேரை 88 இன்னிங்ஸுக்குச் சற்று மேற்பட்ட அளவிலேயே நடக்கவிட்டான். எத்துணைப் பயிற்சியும் அவனை மீட்கவில்லை. அவன் வரலாற்றைப் பயிற்சியாசிரியர் எனக்குத் தனியே கூறினார். மருமகன் காதிற் படாமல்.

இனிச் செய்த பயிற்சியைச் சொல்வேன். வண்டி நிறுத்தும் கொட்டகையின் கதவிற் பழைய மெத்தையொன்றைத் தொங்கவிட்டோம். அதன் நடுவிலிருந்து 46 அடி அளந்து, தரையில் ஒரு நேர்கோடு கீறினேன். அவன் எறியுந்தோறும் இடக்கால் விழுந்த இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறிப்பது என் தொழில். "மருமகனே, பந்து எங்கே போயிற்றென்று பாராதே, கால் எங்கே விழுந்ததென்று சொல்" என்பேன். முதல்நாள் குறிகள் கோட்டின் இடப்புறத்தில் ஒரு சாண் வரை சிதறிக் கிடந்தன. அவற்றுள் மிக விலகியவை எவையோ, அவ்வெறிகளே மெத்தைக்கு மேலேயும் வலப்புறத்தும் சென்றவை. இதனை அவனே கண்டுபிடித்து, "மாமா, கால் தப்பினால் பந்து தப்புகிறது!" என்று துள்ளினான். யான் முன்னமே கேட்டறிந்ததுதான். எனினும் அவன் வாயாற் கேட்டபொழுது புதிதாயிருந்தது.

முதியவர் வகுத்த மற்றொரு பயிற்சி துண்டுப் பயிற்சி. பந்துக்குப் பதிலாகக் கைத்துண்டொன்றை விரலிடைப் பற்றி, முழு அசைவையும் செய்து, முன்னே ஒருவர் நீட்டியிருக்கும் கையுறைமேல் அத்துண்டின் நுனி படுமாறு வீசுதல் வேண்டும். உடல் நேரே முன்சென்றாலன்றி நுனி எட்டாது. பந்தின் எடை இன்மையால் முழங்கைக்கு வருத்தம் குறைவு என்பதனால் தமக்கையார்க்கு இது மிகவும் உவப்பாயிருந்தது. நீட்டிய கையுறைக்குரியவன் யானே ஆகையால், சில முறை துண்டு என் மூக்குக்கண்ணாடியிலும் பட்டது.

காலைத் தூக்கியபின் ஒரு கணம் அசையாது நின்று, பின்னரே முன்னேற வேண்டுமென்று பழைய ஆசிரியர் பலர் கற்பிப்பர். நின்றால் விரைவு கெடுமென்றும், எறிதல் இடையறாத ஒழுக்காதல் வேண்டுமென்றும் பிற்காலத்தார் மறுக்கின்றனர். எங்கள் முதியவர் இருவர்க்கும் இடைப்பட்டவர். கற்கும்பொழுது நிற்கச் சொல்வார். ஆடும்பொழுது நில்லாதே என்பார். நிற்கத் தெரியாதவன் ஒழுகும்பொழுது எங்கே சாய்கின்றானென்பதை உணரமாட்டான் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியெனப்படுகின்றது.

மூன்று கிழமை சென்றபின் குறிகள் கோட்டை நெருங்கின. ஆயினும் களத்தில் ஏறுதற்கு மருமகன் இசையவில்லை. மெத்தைக்குத் தோள் இல்லை, சிறுவர்க்கு உண்டு. அவனை வற்புறுத்துதற்கு முதியவர் ஒருப்படவில்லை. இரண்டு ஆட்டங்களில் வெளிக்களத்தில் நிற்கவைத்தார்.

ஜூன் திங்களில் பழைய எதிரணியே மீண்டும் வந்தது. நான்காம் இன்னிங்ஸில் எறிவோன் தளர்ந்தபொழுது முதியவர் மருமகனைப் பார்த்தார்; அவன் தானே பந்தை வாங்கிக்கொண்டு பலகையை நோக்கி நடந்தான். அத்தான் இரு கைகளாலும் வேலியைப் பற்றியிருந்தார், வாய் திறக்கவில்லை. முதல்வனை நடக்கவிட்டான். அடுத்து வந்தவன் முன்பு தோளில் அடிபட்ட மெலிந்த பையன். அவன் தட்டினின்றும் ஓரடி எட்டியே நின்றான். என் மருமகன் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு தன் வலக்காலையே நெடுநேரம் குனிந்து பார்த்தான். பின்பு முழங்காலைத் தூக்கினான். உடல் சாயவில்லை. பந்து தட்டின் நடுவே, பையனுடைய இடுப்பளவில், நேராகச் சென்றது. அப்பையன் மட்டையை ஓங்கி அதனைச் செவ்வையாக அடித்தான்! பந்து இரண்டாந் தளத்தைக் கடந்து புல்லில் உருண்டோடிற்று. ஓட்டமொன்றும் எதிரணிக்குக் கிடைத்தது. முதல் தளத்தில் நின்று அப்பையன் சிரிக்க, எறிந்தவனும் சிரித்தான்.

அவ்வாட்டத்தில் எங்கள் அணி தோற்றது. மருமகன் இரண்டு இன்னிங்ஸ் எறிந்தான். நடந்தவன் அம்முதல்வன் ஒருவனே. எறிகள் மொத்தம் 41 ஆதலால், விதிப்படி 2 நாள் ஓய்வு. அவ்விரண்டு நாளும் அவன் பந்தைத் தொடவில்லை. குளியலறையிலிருந்த நல்ல துண்டுகளிரண்டு நுனி பிரிந்து கிடந்தமைக்குக் காரணம் யாரென்று தமக்கையார் என்னையே வினவினார்.