யார் எழுதிய வரி

2012 தொடக்கத்தில் எங்கள் மென்பொருள் குழு, சப்வெர்ஷனை விட்டுவிட்டு எதற்கு மாறுவது என்று மூன்று வாரம் பேசியது. விண்டோஸில் தொந்தரவில்லை, கட்டளைகளும் எளிது, மெர்க்குரியலே போதும் என்றார்கள் சிலர். நான் கிட் என்றேன். கிளை பிரிப்பது சுலபம், நெட் இல்லாமலும் வேலை செய்யலாம் என்று காரணம் அடுக்கினேன். அதெல்லாம் மெர்க்குரியலிலும் உண்டு. என் காரணம் வேறு. அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

எந்த வரியை, யார், எப்போது மாற்றினார் என்று குறித்து வைக்கும் பேரேடுதான் இவை. சப்வெர்ஷனில் பேரேடு ஒரே சர்வரில் இருக்கும். அதில் எழுத அனுமதி உள்ளவர் பெயர்தான் ஏறும். எங்கள் குழுவில் ரிலீஸ் அன்று ராத்திரி தங்குகிறவர்களுக்குத்தான் அந்த அனுமதி. என் ஹாஸ்டல் கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் நான் எழுதியதை மெயிலில் அனுப்புவேன், டீம் லீட் தன் பெயரில் ஏற்றுவார். "தேங்க்ஸ்மா" என்று பதில் வரும். இரண்டு வருடம் இப்படி.

அப்ரைசலில் மேனேஜர் அந்தப் பேரேட்டைத் திறந்து, "கோடிங் ஒண்ணுமே இல்லையே?" என்றார். பக்கத்தில் இருந்த டீம் லீட் பொய் சொல்லவில்லை. "நல்லா சப்போர்ட் பண்ணுவாங்க சார்" என்றார்.

லினக்ஸுக்கு உலகெங்கிலுமிருந்து மெயிலில் திருத்தங்கள் வரும். எழுதுபவர் ஒருவர், சேர்ப்பவர் இன்னொருவர். அந்த வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், இரண்டு பெயர்களையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. மெர்க்குரியலில் பெயருக்கு ஒரே இடம்தான். எனக்கு அவர் பெயரை அழிக்க வேண்டியதில்லை. என் பெயர் வந்தால் போதும்.

கிட் என்று முடிவானதும், பழையதை மாற்றும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அப்படியே மாற்றினால் இரண்டு இடத்திலும் அவர் பெயரே வரும். எல்லோரும் நகல் எடுத்த பிறகு ஒரு பெயரைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் வரும் அத்தனை பதிவுகளின் அடையாள எண்களும் மாறிவிடும். அதற்கு முன் செய்தால்தான் உண்டு. ஒரு சனி, ஞாயிறு முழுக்க நான் அனுப்பிய மெயில்களைப் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 61 தேறியது. அவர் பாதி மாற்றியிருந்தவற்றை அவருக்கே விட்டேன். (இப்போது யோசித்தால், அவற்றில் சிலவற்றுக்கும் எனக்கு உரிமை இருந்தது.) டெஸ்டிங்கில் இருந்த தோழியிடம் கேட்டேன். "எதுக்குடி வம்பு?" என்றாள். ராத்திரி பத்து மணிக்கு அவளிடமிருந்து நான்கு மெயில்கள் வந்தன.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திங்கட்கிழமை, மெயில்களின்படி எழுதியவர் பெயரைச் சரிசெய்திருக்கிறேன் என்று குழுவுக்கு ஒரு வரி அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை.

ஒரு வரியை எழுதியது யார் என்று காட்டும் கட்டளைக்கு கிட்டில் 'பிளேம்' என்று பெயர். பழி. சப்வெர்ஷனில் அதையே 'பிரெய்ஸ்' என்றும் அழைக்கலாம். அங்கே யாரும் அப்படி அழைத்து நான் பார்த்ததில்லை. பிப்ரவரி 29ஆம் தேதி காலை டீம் லீட் என் இடத்துக்கு வந்தார். "தேதி கணக்கு உதைக்குதும்மா. இந்த லைன் நீ எழுதினதுன்னு காட்டுது?"

லீப் வருடத்தை மறந்திருந்தேன்.

"ஆமா, நான் எழுதினதுதான்" என்றேன். ஆறு மணி கேப் வருவதற்குள் சரிசெய்து, நானே ஏற்றினேன்.