போன் சொல்லும் குறி

மயிலாப்பூரில் இருக்கும் எங்க மாப்பிள்ளை, கார் ஸ்டீயரிங்குக்குக் கீழே சின்னதா ஒரு கருவியைச் செருகி வச்சிருக்கார். அது புளூடூத் வழியா போனுக்குச் சேதி சொல்லும். 2013க்குப் பிறகு வந்த கார்களுக்கு இந்த ஓபிடி-2 வசதி கட்டாயம்.

போன மாசம் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆப்பில் 'பி0171' என்று வந்தது. பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சாரை மாத்திடலாம் என்றார் மாப்பிள்ளை.

"சேதி கொண்டு வந்தவனையே அடிக்கலாமா சார்?" என்றார் தெருமுனை மெக்கானிக். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். உஸ்ஸென்று சத்தம். ரப்பர் ஹோஸில் வெடிப்பு. சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது.

வயலிலும் இதே கதைதான். இலையைப் படம் பிடித்தால் பிளான்டிக்ஸ் ஆப் நோயின் பேரைச் சொல்லும். ஆனால் நெல் மஞ்சளானது தழைச்சத்துக் குறையாலா, துத்தநாகக் குறையாலா, தேங்கிய தண்ணியாலா? சேத்தில் இறங்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆப் வேண்டாம்னு சொல்லல. எந்தப் பக்கம் தேடணும்னு அது காட்டும். ஆனால் அந்த விளக்கை ஆப்பிலேயே அணைக்கவும் முடியும், நண்பர்களே. விளக்கு அணையும், வெடித்த ஹோஸ் அப்படியேதான் இருக்கும்.