பொறியைப் பார்த்துக்கொள்கிற ஆள்

சவூதி அரேபியாவின் கிழக்கே இருக்கிறது அல்-அஹ்ஸா பாலைவனச் சோலை. இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள் கொண்ட இதை 2018-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. இத்தகைய தோப்புகளின் நிழலில், பாதி மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் வாளிகளைக் காணலாம். பக்கவாட்டில் துளைகள், மூடியின் உட்புறம் தொங்கும் சிறு மருந்துப் பொட்டலம், அடியில் தண்ணீரில் ஊறிப் புளிக்கும் பேரீச்சம்பழம். இவை சிவப்புக் கூன்வண்டுக்கு வைத்த இனக்கவர்ச்சிப் பொறிகள். நம் தென்னந்தோப்புகளில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் வண்டுதான் இது. 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளில் தென்பட்டு, பூச்சி அரித்த கன்றுகளையும் மரங்களையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோனதால் பரவியது. பொறிகளைப் பராமரிப்பவர்களில் பலர் தெற்காசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தென்னை வளரும் ஊர்க்காரர்களுக்கு இந்த வண்டு பழக்கப்பட்டதுதான். இவர்களின் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: பொறியின் பயனை முதலில் தீர்மானிப்பது இவர்களின் கைதான், பொட்டலத்திலுள்ள வேதிப்பொருளின் பங்கு அதற்கு அடுத்ததே.

ஆண் வண்டு தன் இனத்தைக் கூட்டமாக அழைக்க ஒரு வாசனையை வெளியிடுகிறது. அதன் முதன்மைச் சேர்மத்தை 1993-இல் அடையாளம் கண்டார்கள்; இன்று அதைச் செயற்கையாகத் தயாரித்துப் பொட்டலத்தில் அடைக்கிறார்கள். ஆணும் பெண்ணும் அதை நாடி வந்தாலும், பொறியில் விழுவதில் பெண்களே அதிகம். அவற்றில் பல முட்டையிடத் தயாரானவை. புழு தண்டுக்குள்ளேயே இருந்து தின்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பழுப்புச் சாறு வடிந்து, புளித்த நாற்றம் அடிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே தோப்புக்குள் வண்டு நடமாடுவதைச் சொல்வதில்தான் பொறியின் மதிப்பு இருக்கிறது. ஆனால் வாசனை மட்டும் போதாது. அது வண்டைப் பொறியின் பக்கத்துக்கு அழைத்துவரும். உள்ளே இறங்க வைப்பதில் புளித்த பழத்துக்குப் பெரும் பங்குண்டு. வண்டு ஏறிவரப் பிடிமானம் வேண்டும் என்பதால் வாளியின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்கவேண்டும். 45 டிகிரியைத் தாண்டும் கோடையில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடுகிறது. வறண்ட வாளிக்குள் இறங்கிய வண்டு ஏறி வெளியே போய்விடும். ஆகவே தண்ணீர் ஊற்றுவது, பழம் மாற்றுவது, வாடை தீர்ந்த பொட்டலத்தை எடுப்பது, விழுந்ததை ஆண் பெண் பிரித்து எண்ணிக் குறிப்பது எல்லாம் இடைவிடாமல் நடக்கவேண்டிய வேலைகள்.

நல்ல மரங்கள் இருக்கும் இடத்துக்குப் பொறியே வண்டைக் கூப்பிடுகிறது என்று சில விவசாயிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. வாளிக்குள் இறங்காத பெண் வண்டு அருகிலுள்ள மரத்தில் முட்டையிடலாம். ஆனால் இந்த ஆபத்து பெருகுவது வறண்ட பொறியாலும், இளங்கன்றுகளின் காலடியில் வைத்த பொறியாலும்தான். இடம் பார்த்து வைத்து, விடாமல் கவனித்தால் அது பெரிதும் குறையும். பொறியால் மட்டும் பூச்சியை ஒழிக்க முடியாது என்பது இன்னொரு வாதம். அதையும் மறுப்பதற்கில்லை. கேனரித் தீவுகளில் 2005-இல் நுழைந்த இதே வண்டு ஒழிந்ததாக 2016-இல் அறிவித்தார்கள். பொறியோடு கூட, ஒவ்வொரு மரமாகச் சோதித்து, தாக்குண்டதை வெட்டி அழித்து, மரங்களை இடம் மாற்றுவதையும் கட்டுப்படுத்தியதால் கிடைத்த பலன் அது. எந்தப் பகுதியை முதலில் சோதிப்பது என்று காட்டும் வேலை பொறியுடையது. அந்த வேலைக்கு அது போதும்.

ஆளுக்குப் பதில் உணர்கருவி வைத்தால் செலவு மிச்சமாகுமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கருவி விழுந்த வண்டை எண்ணும். வற்றிய தண்ணீரை ஊற்றாது. பதிவேட்டில் ஒரு வாரம் பூச்சியம் என்று இருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அங்கே வண்டு இல்லை, அல்லது வாளி காய்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள், பழம் எப்போது மாற்றினார்கள் என்ற தேதிகள் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் இது எந்தப் பூச்சியம் என்று அதிகாரி படிக்கமுடியும். அந்தத் தேதிகளை எழுதுகிறவருக்கு எண்ணுவதற்கான கூலியோடு பராமரிப்புக்கான கூலியும் தரவேண்டும்.