மாமை மேனி

ஒரு சமுதாயம் எதனை அழகு என்று கருதுகிறது என்பதை அறிய விரும்புவோர், அதன் குழந்தைகள் கையிலுள்ள பொம்மைகளை நோக்கினாலே போதும். பொம்மை வாய் திறந்து பேசாது. எனினும் அது கற்பிப்பது நெடுநாள் நெஞ்சில் நிற்கும்.

புரட்டாசித் திங்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பொம்மைச் சந்தையாகிவிடும். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்களில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் செய்யப்பெற்றவை அங்கே வரிசை வரிசையாக வந்தமரும். ஆண்டுதோறும் அவ்வழியே நடந்து கண்டு மகிழும் நாம், ஒன்றை எண்ணி வியந்ததுண்டு. கண்ணன் நீலம், மீனாட்சி பச்சை. தெய்வங்களுக்கு இத்துணை நிறங்கள் இருக்க, மனிதப் பொம்மைகளுக்கோ பெரும்பாலும் ஒரே இளஞ்சிவப்பு! காய்கறி விற்கும் மூதாட்டியும், ஏர் பிடிக்கும் உழவரும், 'கறுப்புக் காந்தி' என நாடு போற்றிய காமராசருங்கூட அந்நிறத்திலேயே நிற்கக் கண்டோம்.

தூரிகை பிடிக்கும் பழக்கம் நமக்குண்டு என்பதறிந்து, அண்டை வீட்டு மாமி ஒருவர் வண்ணம் உதிர்ந்த பழைய பெண் பொம்மையொன்றைப் புதுப்பிக்கத் தந்தார். "நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் குடுத்துடுங்கோ" என்றார். மாநிறம் தீட்டலாமே என்றோம். உடன் வந்த ஏழு வயதுப் பேத்தி, "வேண்டாம் அங்கிள், அழுக்கா இருக்கும்" என்றாள். அவளும் மாநிறத்தவளே. அச்சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

சிறுமியைக் குறை கூறுவதற்கில்லை. சிவந்த பெண்ணை 'நல்ல நிறம்' என்கிறோம். கறுத்தவளை 'நிறம் கம்மி' என்கிறோம். கருமை ஒரு நிறமே அன்று போலும்! 1940களில் அமெரிக்க உளவியல் அறிஞர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர், நிறத்தால் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்தனர். அவருள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் எழுத்தும் இடம்பெற்றது.

மாமியின் இசைவு பெற்று மாநிறமே தீட்டினோம். இளஞ்சிவப்போடு கறுப்பைக் கலந்தால் மேனி சாம்பல் பூத்து உயிரற்றுப் போகும். காவியும் மஞ்சட்காவியும் சேர்த்து, நீலம் ஒரு துளி விட்டால்தான் மண்ணின் நிறம் வரும். மெல்லிய பூச்சொன்று நன்கு உலர்ந்த பின்னரே அடுத்தது. உள்ளங்கை சற்று வெளிறியிருத்தல் வேண்டும். மேலை நாடுகளில் வினைல் பொம்மைகளின் உறுப்புகளை வாங்கி வண்ணந்தீட்டுவோரும், மஞ்சள் மிகுந்தால் அதன் எதிர்நிறமாகிய ஊதாவை மெல்லிதாகப் பூசித் தணிப்பர். பணி முடிந்ததும் சிறுமி நெடுநேரம் பார்த்தாள். "பொட்டு மட்டும் நான் வைக்கறேன்" என்றாள்.

இது புதுமையன்று, பழமைக்குத் திரும்புதலேயாகும். மாந்தளிர் அன்ன மேனியை 'மாமை' எனப் போற்றியவர் சங்கச் சான்றோர். பிரிவுத் துயரால் அம்மேனி வெளிறுவதைப் 'பசலை' என்றனர். வள்ளுவர் அத்துயருக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மாமை அழகு; பசலையோ நோய். தொல்காப்பியர் முல்லை நிலத் தெய்வமாகச் சுட்டும் மாயோன் கரியவனே. கொலுவில் சிறப்பிடம் பெறும் மரப்பாச்சி இணைக்கும் செம்மரத்தின் இயல்பான கருஞ்செம்மையே மேனி. அதனை அழுக்கென்பார் யாருளர்?

வெளிறுதலை நோயென்று கண்ட மொழி நம் மொழி. அதனைப் பயிலும் மாணவச் செல்வங்கள், 'நிறம் கம்மி' என்னும் சொல்லைத் தம் இல்லங்களினின்று அகற்றுவாராக! பெண் பார்க்கச் செல்லும் பெரியோரும் அதனை மறப்பாராக! 'மாமை' என்னும் சொல் ஏட்டில் மட்டுமன்றி நாவிலும் வாழட்டும்.