ஆயாவும் சிவப்பு மையும்

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கட்டுரைத் தலைப்புகள் மாறுவதே இல்லை. நான் படித்தபோது இருந்தவைதான் இன்றைக்கும். என் குடும்பம். நான் விரும்பும் விளையாட்டு. சுற்றுச்சூழலைப் பேணுவோம். நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று இறக்கி வைத்தால் பத்துக்கு ஏழு. அந்தக் கட்டுரைகளில் அப்பா அலுவலகம் போவார், அம்மா சிற்றுண்டி செய்வார், தாத்தா தோட்டத்தில் உலாவுவார். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடும் கிடையாது என்பது எழுதுகிற பிள்ளைக்கும் தெரியும், திருத்துகிறவருக்கும் தெரியும். தெரிந்தே நடக்கிற நாடகம் இது.

விழுப்புரம் பக்கத்தில் எங்கள் காலனியில் சில தோழர்களோடு சேர்ந்து மாலைப் பள்ளி நடத்துகிறேன். ஏழாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி போன வருஷம் தன் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து, "அக்கா, நான் எழுதுனது எல்லாமே தப்பாம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மூன்று கட்டுரை. பக்கமெல்லாம் சிவப்பு மை. நோட்ஸைப் பார்க்காமல் தானே எழுதியிருந்தாள்.

"எங்க வூட்ல அஞ்சு பேரு. அப்பா தை மாசம் கரும்பு வெட்டப் போனா சித்திரையிலதான் வரும். அம்மா நடவுக்குப் போவும். எங்க ஆயாதான் வூட்டுக்குப் பெரிய ஆளு. அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிறது எனக்குப் பிடிக்கல. ஆயா வெளக்குமாத்த எடுத்தா அப்பா ஓடிடும்."

'வூட்ல' என்பதை அடித்து 'வீட்டில்'. 'ஆயா'வை அடித்து 'பாட்டி'. 'வரும்' என்பதை அடித்து 'வருவார்'. கடைசி இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீளமாக ஒரு கோடு, பக்கத்தில் 'தேவையில்லை' என்று குறிப்பு.

எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், எழுத்துத் தமிழ் வேண்டும்தான். ஆனால் 'ஆயா' எப்படிப் பிழையாகும்? எங்கள் பேச்சில் அப்பா வரும், அம்மா போவும். அது மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம். அப்பாவை வருவார், போவார் என்று எழுதத்தான் வேண்டும் என்றால் நல்லது, எழுதுகிறோம். ஊர்த்தெருவில் ஒரு சின்னப் பையன்கூட எங்கள் அப்பாக்களை அப்படிச் சொன்னதில்லையே. அங்கே 'வாடா, போடா'. நோட்டில் மட்டும் 'வருவார்' ஆக்கி என்ன செய்ய? அடிக்கிற அப்பனைப் பற்றி எழுதியது தேவையில்லையாம். ஒரு பிள்ளை தன் குடும்பத்தைப் பற்றிச் சொந்தமாகக் கருத்துச் சொன்ன இடமே அதுதான். நம் தோழர்கள் சிலருக்கும் இந்த வரி கசக்கும். கசக்கட்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். என் காலத்தில் விளையாட்டு பீரியட் என்றால் காலனிப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் முள் பொறுக்கும் வேலை, கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பந்து கைக்கு வரும். இந்தப் பிள்ளை காலத்தில் அவ்வளவு மோசமில்லை. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். இப்படி எழுதியிருந்தாள்:

"கபடி தொட்டு ஆடற ஆட்டம். நான் ரெய்டு போனா ஊர்ப் பிள்ளைங்க அஞ்சு பேரும் என் காலையும் இடுப்பையும் புடிச்சி அமுக்குவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் என் பாட்டில்ல தண்ணி குடிக்க மாட்டாங்க. தொட்டா அவுட்டு ஆட்டத்துலதான, தண்ணியில ஏன்?"

எம்.ஏ. வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து நான் கேட்காத கேள்வி இது. பல்வங்கர் பாலுவைப் பற்றி அன்றைக்கு அவளுக்குச் சொன்னேன். 1876இல் பிறந்தவர், சமார் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கிற கூலி. வலையில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய சுழற்பந்து வீச்சாளராக ஆனவர். ஜெயிக்க ஆள் வேண்டும் என்பதால் பூனா இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படியும் அவரைத் தலைவராக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அந்த மண் குவளையத் தூக்கிப் போட்டு ஒடைச்சிருக்கலாம்ல அக்கா?" என்றாள்.

மூன்றாவது கட்டுரையில்தான் வம்பு. அதற்கு மதிப்பெண்ணே போடவில்லை. 'ஊர்ப் பிரச்சினையைக் கட்டுரையில் எழுதக் கூடாது' என்று மட்டும் இருந்தது.

எழுதியது வேறொன்றுமில்லை. ஊர்த்தெருக் குப்பையைப் பஞ்சாயத்து ட்ராக்டர் எங்கள் காலனி முனையில் கொட்டுகிறது. குப்பைமேட்டிலிருந்து அங்கன்வாடி வாசல் வரை தன் காலடியால் அளந்து '62 அடி' என்று எழுதியிருந்தாள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது எங்கள் மாவட்டத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. எங்கள் காலனி பள்ளத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் சேரி பள்ளத்தில்தான் இருக்கும். அந்தத் தண்ணீரோடு குப்பைமேடும் வீட்டுக்குள் வந்தது. அவள் புத்தகமெல்லாம் அதில் போய்விட்டது. அப்புறம் இப்படி முடித்திருந்தாள்: "பிளாஸ்டிக்க ஒழிக்கணும்னு சார் சொன்னாரு. எங்க ஆயா தெனமும் பொறுக்கி எடைக்குப் போடுது. எங்க ஆயா மாதிரி யாரு ஒழிக்கிறாங்க?" 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை. தடைக்கு அப்புறமும் அந்தக் கிழவிக்கு ஒருநாளும் சாக்குப்பை காலியாகத் திரும்பியதில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கருப்பொருள் வரிசையில் பறை வரும். "பறை அடித்தவர் வீடு எந்த நிலத்தில் இருந்தது?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். சுற்றுச்சூழல் என்று எழுதச் சொல்கிறவர்களும் அப்படித்தான். மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்றால் பத்துக்கு எட்டு. மழைத் தண்ணீர் யார் வீட்டில் நிற்கிறது என்றால் ஊர்ப் பிரச்சினை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நீக்கட்டும், நல்லதுதான். பலகையில் பேர் போனதும் குப்பை ட்ராக்டருக்கு வழி மறந்துவிடுமா என்ன?

அந்தக் கட்டுரையை மனுவோடு சேர்த்துக் கொடுப்போம் என்று தோழர்கள் சொன்னார்கள். அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டது. "வேணாம்மா. நாளைக்கு நடவுக்குக் கூப்புட மாட்டாங்க. இதுக்கும் மார்க்கு கொறைப்பாங்க." அந்தப் பயத்தில் ஒரு பொய்யும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் அடுப்பெரிவது அவர்கள் நிலத்துக் கூலியில். நான் ஒன்றும் பேசவில்லை. ஆயாதான் பேசியது. "பேரப் போடாத. எழுத்த மட்டும் குடு. எழுத்து யாருதுன்னு அவனுங்களுக்கு எப்டித் தெரியும்?"

பேரையும் வகுப்பையும் மறைத்து நகல் எடுத்து, நாற்பது கையெழுத்தோடும் கைநாட்டோடும் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். அங்கே இருந்த அலுவலர் புரட்டிப் பார்த்து, "இது என்னம்மா, பள்ளிக்கூடக் கட்டுரையெல்லாம் வச்சிருக்கீங்க?" என்றார். குப்பைமேட்டின் அளவு அதில்தான் இருக்கிறது என்றேன். ரசீது கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அதிகாரி ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்.

பகலில் வந்துகொண்டிருந்த ட்ராக்டர் இப்போது ராத்திரியில் வருகிறது. அவள் எட்டாவது போய்விட்டாள். கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் நேரமும் குறித்துக்கொண்டே வருகிறாள். நேற்று 10.40 என்று எழுதியிருந்தாள்.