டிஸ்சார்ஜ் சம்மரி



போன வாரம் அக்காவை மருத்துவமனையிலிருந்து கல்பாக்கம் அழைத்துவந்தோம். காலை பத்துக்கே "வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தபோது மாலை ஆறு. அதில் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை. பழையதை நிறுத்துவதா, தொடர்வதா? ஒரு வார்த்தை இல்லை! (பரீட்சைத் தாளாயிருந்தால் பாதி மார்க்தான்.) இரண்டையும் போட்டிருந்தால் அக்கா தலைசுற்றி விழுந்திருப்பார். அங்கேயே நின்று கேட்டு, "பழையதை நிறுத்தவும்" என்று எழுதி வாங்கினோம்.

முந்தின நாளே சம்மரியைக் கேட்டுவையுங்கள். இன்னும் வரவேண்டிய டெஸ்ட் ரிசல்ட் எது என்பதும் அதில் இருக்கட்டும். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

என்னிடம் படித்து டாக்டர், நர்ஸ் ஆனவர்களே, "நிறுத்தவேண்டிய மாத்திரைகள்" என்று தனியாக ஒரு வரி எழுதுங்களேன்.