பம்பை ஆற்றுப் பேத்தை

கொளத்தூர் மீன் கடைகளில் அதைத் தனித் தொட்டியில்தான் விட்டிருப்பார்கள். கப்பி, மோலியோடு சேர்த்தால் வாலையும் துடுப்பையும் கடித்துக் குதறிவிடும். ஆனால் ஆள் சுண்டு விரல் நுனி அளவுதான். முழுசாக வளர்ந்தாலே மூன்று சென்டிமீட்டரை ஒட்டித்தான் நிற்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள். ஒரு கண் என்னைப் பார்க்கும்போதே இன்னொரு கண் வேறெங்கோ மேயும். ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் மாமா வாங்கித் தந்தார்.

காசிமேட்டில் பிறந்து வளர்ந்த ஆயாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. “இது பேத்தைடி! வலையைக் கடிச்சி நாசம் பண்றது. விஷம். இத்தப் போயா வீட்டுல வெப்பாங்க?” கடலில் அவள் அறிந்த பேத்தை, கரையில் வீசியதும் வயிறு உப்பிக் கிடக்கும்.

“இது ஆத்து மீனும்மா. கேரளாவுல பம்பையில பிடிச்சதாம்” என்றார் மாமா.

வருடா வருடம் மாலை போடும் அப்பாவை ஆயா நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தொட்டிக்கு வேலம்பாசி வாங்கக் காசு கொடுத்தவள் அவள்தான்.

பாசி அடர்த்தியாக இருக்கவேண்டும். இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்க இடம் இல்லையென்றால் சண்டை ஓயாது. நாங்கள் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தோம். மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் ஆற்று மணல், அவ்வளவுதான். உப்பு போடவே கூடாது, இது நல்ல தண்ணீர் மீன். குழாய்த் தண்ணீரை ராத்திரி பக்கெட்டில் பிடித்துவைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுவோம். வாராவாரம் கால் தொட்டித் தண்ணீர் மாற்றுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை.

சாப்பாட்டுக்குத்தான் வீடே ஆடியது. பாக்கெட் தீனியைத் தூவினால் கிட்டே வந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். அசையாத எதையும் அது தின்னத் தகுந்ததாக மதிக்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு பக்கெட்டில் கொசுப்புழு வளர்த்தோம். அவை கொசுவாகிப் பறப்பதற்குள் டீ வடிகட்டியால் அள்ளி, நல்ல தண்ணீரில் அலசிப் போடவேண்டும். கொசு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்வது ஆயாவின் பொறுப்பு.

நத்தைகள் வேலம்பாசியோடு தாமாகவே வந்தன. பழைய பிளாஸ்டிக் டப்பில் கீரைத்தண்டும் வெள்ளரித் தோலும் போட்டு அவற்றைப் பெருக்கினாள் ஆயா. பேத்தை இனத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் தகடுகள் சேர்ந்து அலகாக இருக்கும். அந்த அலகு வளர்ந்துகொண்டே போகும். ஓட்டைக் கடிக்கும்போதுதான் தேயும்.

அது நத்தை பிடிப்பதைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவேன். சின்னத் துடுப்புகள் படபடக்க, ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நிற்கும். உடம்பைக் கொஞ்சம் சாய்க்கும். வாலைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்ளும். நத்தை கொம்பை வெளியே நீட்டும்வரை அசையாது. நீட்டியதும் ஒரே பாய்ச்சல், ஒரு கடி. சதையை உருவித் தின்றபின் வெற்று ஓடு மணலில் விழும். வயிறு உருண்டுவிட்டால் அதற்குமேல் போட ஆயா விடமாட்டாள். மிச்சம் கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்பதில் அவள் கறார்.

கார்த்திகையில் அப்பா மாலை போட்டதும் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது. நத்தைக்கு என்ன செய்வது என்று அம்மா தயங்கினாள். “மாலை மனுசனுக்குத்தான். அது அந்த ஆத்துப் புள்ள, அது பட்டினி கிடந்தா சாமி ஏத்துக்குமா?” என்றாள் ஆயா. விடியற்காலையில் குளித்துவிட்டு, கருப்பு வேட்டியோடு மொட்டைமாடிக்குப் போய் அப்பாவே கொசுப்புழு அள்ளிவந்தார்.

மலைக்குப் போய்த் திரும்பியவரிடம், பம்பையில் இதன் சொந்தக்காரர்களைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். குனிந்து குனிந்து தேடியதாகவும் ஒன்றும் அகப்படவில்லை என்றும் சொன்னார். அகப்பட்டிருக்காதுதான். 1941இல் சுந்தர் லால் ஹோராவும் கே.கே. நாயரும் இந்த மீனைப் பம்பையிலிருந்து எடுத்து அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள் என்பதைப் பின்னாளில் படித்தேன். மலையடிவாரத்தில் அல்ல, ஆறு சமவெளிக்கு இறங்கி, நிதானமாக ஓடும் எடத்துவாப் பக்கம். கடைகளுக்காக ஆற்றிலிருந்தே அள்ளிவந்ததில் இன்று அது அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். வாங்க நினைக்கிற யாரிடமும் அவர்களைத் தேடிப் போகத்தான் சொல்கிறேன்.